அன்னக்கூடையில் ஒரு கல்லறை

பட்டினப்பாக்கத்தில் ஒரு செய்தி கிளம்பினால் அது சாந்தோம் போய்ச் சேர பஸ் தேவையில்லை. மீன் கடை வரிசையில் முதல் கடையில் சொன்னால் போதும். ஏழாவது கடைக்குப் போவதற்குள் அதற்குக் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படி ஒரு செய்தி கிளம்பியது. கிளப்பியவள் அனு. வயது பதினொன்று, ஆறாம் வகுப்பு.

"நேத்து நான் மட்டும் இல்லன்னா, நோரா ஆன்ட்டி வீட்டு மாடியில இருந்த பழங்காலத்துப் பானையெல்லாம் மழையில போயிருக்கும்!"

அவள் அம்மா கெங்கம்மாவுக்கு முதல் கடை. அங்கே செய்தி உள்ளது உள்ளபடி இருந்தது. நாலாவது கடையில் பானைக்குள் தங்கம் வந்துவிட்டது. ஏழாவது கடையில், அனுவுக்கு மெடல் கொடுக்கக் கலெக்டரே வருவதாக முடிவாகிவிட்டது.

அனு தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். ஆகஸ்ட் மாதத்தில் எதற்குத் தீபாவளிச் சுடிதார் என்று கேட்டால், பாராட்டு வாங்கப் போகும்போது பள்ளிக்கூட டீ-ஷர்ட்டிலா போக முடியும்?

நோரா ஆன்ட்டி, அனுவின் வகுப்புத் தோழன் ஷெல்டனின் அம்மா. கல்லூரியில் பேராசிரியர். அவருடைய வேலை, மிகப் பழைய கல்லறைகளைத் தோண்டி ஆராய்வது. சாந்தோமில் அவர் தெருவாசிகள் இதைக் கேட்டு முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு, "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று ஒவ்வொருவராக மாடியேறினார்கள்.

பார்க்க அங்கே எலும்பும் இல்லை, பேயும் இல்லை. வெறும் பானை ஓடுகள். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் தோண்டிய கல்லறையிலிருந்து நாலு சாக்குகளில் வந்திருந்தன. கல்லூரி மாடி முழுக்க சோலார் பலகைகள் நிற்பதால், வெயிலில் காயவைக்க நோரா ஆன்ட்டியின் மொட்டை மாடிதான் கிடைத்தது.

சனிக்கிழமை முழுக்க அனுவும் ஷெல்டனும் பழைய டூத் பிரஷ்ஷால் ஓடுகளைத் தேய்த்துக் கழுவினார்கள். தன் பல்லுக்கு அரை நிமிஷம் ஒதுக்காத ஷெல்டன், ஓர் ஓட்டுக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

இடைவேளையில் நோரா ஆன்ட்டி, பிஸ்கட்டுகளை வைத்துக் கல்லறை கட்டிக் காட்டினார்.

"முதல்ல ஒரு குழி. தரைக்கு ஒரு பலகைக்கல். நாலு பக்கமும் நாலு பலகைக்கல். பாருங்க, ஒண்ணோட ஓரத்துல இன்னொண்ணு சாயுது. அதனால ஒண்ணும் விழாது. மேல பெரிய மூடுகல். அதோட கனம் எல்லாத்தையும் அழுத்திப் பிடிச்சுக்கும்."

"அவ்ளோ பெரிய கல்லை எப்படி ஆன்ட்டி மேல ஏத்துனாங்க?"

"கிரேனா இருந்துச்சு? மண்ணைச் சரிவாக் கொட்டி, உருட்டுக் கட்டைமேல வெச்சு, ஊரே கயிறு கட்டி இழுத்திருக்கும்."

"நாங்க போட்டை மணல்ல ஏத்துறோமே, அது மாதிரி," என்றாள் அனு.

"அதேதான். இன்னொரு விஷயம். நாலு கல்லுல ஒண்ணுல மட்டும் வட்டமா ஓர் ஓட்டை இருக்கும்."

ஷெல்டன் உடனே ஒரு பிஸ்கட்டை எடுத்து, "நான் ஓட்டை போடறேன்" என்றான். ஓட்டை போட்டு முடித்தபோது பிஸ்கட்டில் ஓட்டை மட்டுமே மிச்சம்.

"எதுக்கு ஓட்டை?" என்று அனு கேட்டாள்.

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு நாங்க பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கிட்டுப் போறோமில்ல? அந்த ஜனங்களும் திரும்பி வந்து, இந்த ஓட்டை வழியா ஏதாவது வெச்சாங்களா? இல்ல, ஒரு தடவை மூடிட்டு மறந்துட்டாங்களா? அடி மண்ணுல கிடைச்சது முதல்ல வெச்சது. மேல மேல படிஞ்ச மண்ணுல கிடைச்சது அப்புறம் வெச்சது."

அதனால்தான் மாடியில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டிருந்தது. மேல் மண், இரண்டாம் மண், மூன்றாம் மண், அடி மண். எந்த மண்ணில் கிடைத்த ஓடோ அந்தக் கட்டத்தில்தான் காய வேண்டும். காய்ந்த பிறகுதான் ஒவ்வோர் ஓட்டிலும் பொடி எழுத்தில் எண் எழுதுவார்கள்.

கட்டங்களுக்குக் காவல், நோரா ஆன்ட்டியின் மாணவர் பிரபு அண்ணா. நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே திரிவார். அடுத்த சனிக்கிழமை அதே ஏரிக்கரையில் இரண்டாவது கல்லறையின் மூடுகல்லைத் தூக்கப் போகிறார்கள். முதலில் உள்ளே இறங்கப் போவது பிரபு அண்ணா. இதற்காக இரண்டு வருஷம் காத்திருந்தாராம். இதை அன்று மட்டும் ஆறு தடவை சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நோரா ஆன்ட்டி கல்லூரிக்குப் போனார். ஷெல்டன் மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போனான். பிரபு அண்ணா, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று இறங்கினார். அனு தனியாக பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேற்கே கருகருவென்று இருட்டியது.

பட்டினப்பாக்கத்தில் கருவாடு காயும்போது மழை வந்தால் ஒரு சட்டம் உண்டு. யார் வீட்டுக் கருவாடு என்று பார்க்கக் கூடாது. முதலில் பார்ப்பவர் ஓடிப்போய் வாரிவிட வேண்டும். எல்லாம் ஒரே கூடையில் விழுந்தாலும் கவலையில்லை. அப்புறம் உட்கார்ந்து, "இது உன் நெத்திலி, இது என் காரப்பொடி மீன்" என்று பிரித்துக்கொள்வார்கள்.

நடக்கப் பழகியதிலிருந்து கருவாடு வாரிய கை, அனுவின் கை. அது மண்டையைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு முறத்தை எடுத்தது. நாலு கட்டத்து ஓடுகளையும் வாரி வாரிப் பெரிய அலுமினிய அன்னக்கூடையில் போட்டது. கூடையை இழுத்து, மாடிப்படிக் கூரைக்குக் கீழே வைத்தது. மழை கொட்டியபோது, அனு ஒரு ராணி மாதிரி நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ராணிதான் சுடிதார் சரசரக்க மாடிப்படி ஏறினாள். பாதிப் படியிலேயே நோரா ஆன்ட்டியின் குரல் கேட்டது. அது பாராட்டுகிற குரலாகத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்கூட மாடியை விட்டு இறங்காதேன்னு சொன்னேனா இல்லையா பிரபு?"

"சொன்னீங்க மேடம். டீக்கடையில மழை பிடிச்சுக்கிச்சு. வந்து பாத்தா எல்லாம் கூடையில கிடக்கு. தெருப் பசங்க யாராவது ஏறி வந்திருப்பாங்க."

"நாலு மண்ணும் ஒண்ணாக் கலந்தாச்சு. இனிமே எது முதல்ல வெச்சது, எது அப்புறம் வெச்சதுன்னு எப்படிச் சொல்றது? ஒரு வருஷ வேலை!"

அனு மேல் படியில் நின்றுவிட்டாள்.

"மழைக்குப் பயந்து யாராவது வாரியிருப்பாங்களோ மேடம்?"

"மழையா? இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் மழையும் சேறும் ஊறின மண்ணுக்குள்ள கிடந்த ஓடு. நேத்து பெய்ஞ்ச அரை மணி நேர மழையில கரைஞ்சிடுமா? அப்படியே விட்டிருந்தா சமத்தா நனைஞ்சு, சமத்தா காய்ஞ்சிருக்கும்!"

அனுவின் காது இரண்டும் சுட்டன. அப்புறம் கன்னம். அப்புறம் கழுத்து. சுடிதாரில் தைத்திருந்த ஜிகினா ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது. ஏழு கடை! ஏழு கடையிலும் சொல்லியாகிவிட்டது.

ஷெல்டன்தான் அவளை முதலில் பார்த்தான்.

"ஏய், நேத்து கடைசியா நீதானே இருந்த? யாராவது ஏறி வந்தாங்களா?"

"நானா? நான்... மழைக்கு முன்னாடியே போயிட்டேன்," என்றாள் அனு.

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! தொண்டையில் எண்ணெய் தடவி வைத்த மாதிரி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சனிக்கிழமை நீ வர வேண்டாம் பிரபு," என்றார் நோரா ஆன்ட்டி. "மூடுகல் தூக்கும்போது பொறுப்பா இருக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

நேற்று ஆறு தடவை பேசிய பிரபு அண்ணா, தலையை மட்டும் ஆட்டினார். மூக்கை உறிஞ்சியதை மறைக்க ஒரு பொய்த் தும்மல் தும்மினார்.

அனு தன் செருப்பைப் பார்த்தாள். கட்டைவிரல் பக்கம் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, வேற வழியில்லை," என்றார் நோரா ஆன்ட்டி. "தார்ப்பாயை விரி. கூடையைக் கவிழ்த்துக் கொட்டு. நிறம் பாத்து, தடிமன் பாத்து, ஏதாவது பிரிக்க முடியுதான்னு பார்ப்போம்."

பிரபு அண்ணா கூடையின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கினார். கூடை சாய்ந்தது. மேலே இருந்த ஓர் ஓடு 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"கொட்டாதீங்க!"

அந்தச் சத்தம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதே அனுவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஏன் அனு?"

"கொட்டினா வரிசை போயிடும் ஆன்ட்டி."

"என்ன வரிசை?"

இப்போதுகூட, "சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். படி பக்கத்தில்தான் இருந்தது.

"வாரின வரிசை," என்றாள் அனு. "நான்தான் வாரினேன்."

"மழைக்கு முன்னாடியே போயிட்டேன்னு சொன்ன?" என்றான் ஷெல்டன்.

"அது பொய்."

எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கரோல் ஆன்ட்டி, ஒரே துண்டை நாலாவது தடவையாக உதறினார்.

அனு மூச்சுவிடாமல் சொன்னாள். கருவாட்டைச் சொன்னாள், முறத்தைச் சொன்னாள், மேற்கே இருட்டியதைச் சொன்னாள். "பிரபு அண்ணா மேல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

நோரா ஆன்ட்டி திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கூடைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கத்திலேருந்து வார ஆரம்பிச்ச?"

"தண்ணித் தொட்டிப் பக்கம். மழை அந்தப் பக்கத்திலேருந்துதானே வந்துச்சு? மழை வர்ற பக்கம்தான் முதல்ல வாரணும்."

"நிச்சயமா?"

"எங்க அம்மா கத்துக்குடுத்த முதல் பாடம் ஆன்ட்டி அது. அ, ஆ எல்லாம் அப்புறம்தான்."

பிரபு அண்ணா கூடையைப் பச்சைக் குழந்தை மாதிரி மெல்லத் தரையில் இறக்கினார். நோட்டைப் புரட்டினார். "தொட்டிப் பக்கம் முதல் கட்டம், மேல் மண். இந்தக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் கடைசிக் கட்டம், அடி மண். மேடம், அப்போ மேல் மண்ணு ஓடெல்லாம் கூடையோட அடியில இருக்கு. அடி மண்ணு ஓடு கூடைக்கு மேல இருக்கு!"

"கல்லறை தலைகீழா நிக்குது," என்றான் ஷெல்டன்.

"நிக்கட்டும்," என்றார் நோரா ஆன்ட்டி. அவர் குரல் மாறியிருந்தது. "அப்படியே தோண்டுவோம். ஷெல்டன், தாளும் பென்சிலும் எடுத்துட்டு வா. யாரும் கூடையை ஆட்டக் கூடாது."

ஓர் ஏரிக்கரையைத் தோண்டுவது போலவே அந்த அன்னக்கூடையைத் தோண்டினார்கள். மேலிருந்து ஒவ்வோர் ஓடாக எடுத்தார்கள். கட்டத்துக்கு எத்தனை ஓடு என்று பிரபு அண்ணாவின் நோட்டில் இருந்தது. அடி மண் தொண்ணூற்று நாலு. மூன்றாம் மண் முப்பத்தெட்டு. எண்ணி எண்ணி அடுக்கினார்கள். எல்லை வருகிற இடத்தில் அனு தலையை நுழைத்து, "இது மூன்றாம் கட்டம். இந்தக் கீறலை நான்தான் தேய்ச்சேன்" என்று சொல்வாள்.

கூடையின் அடியைத் தொட்டபோது பிரபு அண்ணா தலையைச் சொறிந்தார்.

"இரண்டு கூடுதே! இருநூற்றிரண்டுதான் இருக்கணும். இருநூற்று நாலு இருக்கு."

அனுவின் காது மறுபடியும் சுட்டது. இன்று இதற்கு ஒரு முடிவே கிடையாதா?

"முறம் இடிச்சு இரண்டு ஓடு உடைஞ்சுது," என்றாள் மெதுவாக. "அதைச் சொல்ல விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா, விட்டியா?" என்றான் ஷெல்டன்.

"விட்டேன்."

உடைந்தவற்றைத் தேடிப் பொருத்தினார்கள். கணக்கு சரியாக வந்தது.

"இப்போ ஒரு சோதனை," என்றார் நோரா ஆன்ட்டி. "அனு சொன்ன வரிசை சரியான்னு கல்லறையையே கேட்போம். ஷெல்டன், கீழே போய் ஒரு சாப்பாட்டுத் தட்டு எடுத்துட்டு வா."

"ஹையா, சாப்பாடா?"

"தட்டு மட்டும்! அந்தப் பலகைக்கல் ஓட்டை சரியா சாப்பாட்டுத் தட்டு அளவு. மூடுகல் போட்ட பிறகு யாராவது ஏதாவது வெச்சிருந்தா, அது அந்த ஓட்டை வழியாத்தான் போயிருக்கணும். தட்டைவிடப் பெரிய பானை உள்ளே போகாது. அதனால பெரிய பானை எல்லாம் அடி மண்ணுல மட்டும்தான் இருக்கணும்."

பானையின் வாய்ப்பக்கத்து ஓடுகளைத் தட்டின் விளிம்போடு வைத்து வளைவு பார்த்தார்கள். அடி மண் ஓடுகள் அகல அகலமாக வளைந்தன. அத்தனையும் பெரிய பானைகள். அனு உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் மண். முதல் ஓடு தட்டுக்குள் அடங்கியது. அடுத்ததும் அடங்கியது. எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்கள். இரண்டாம் மண்ணும் அப்படியே. மேல் மண்ணில் இருந்தது ஒரே ஒரு குட்டிக் கிண்ணம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு.

நோரா ஆன்ட்டி அந்தக் குட்டிக் கிண்ணத்தின் ஓடுகளைத் தட்டின் நடுவில் எடுத்து வைத்தார்.

"வந்திருக்காங்க," என்றார். "மறக்கல. மூணு தடவை திரும்பி வந்திருக்காங்க."

எல்லாமே ஒழுங்காக அமைந்துவிட்டது என்று சொன்னால் அது ஏழாவது கடைச் செய்தியாகிவிடும். கூடையை இழுத்தபோது சின்ன ஓடுகள் சில கீழே நழுவியிருந்தன. எந்தக் கட்டம் என்று யாராலும் சொல்ல முடியாத ஓடுகள் பதினேழு. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு, மேலே 'தெரியாது' என்று எழுதினார் நோரா ஆன்ட்டி. அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அனு வேறு பக்கம் பார்த்தாள்.

"எங்க வேலையில தப்பு நடந்தா நோட்டுல எழுதிடணும்," என்று பிரபு அண்ணாவின் நோட்டை நீட்டினார் நோரா ஆன்ட்டி. "யார் பண்ணாங்களோ அவங்கதான் எழுதணும்."

அனு எழுதினாள்: 'சனிக்கிழமை சாயங்காலம் மழை வந்தது. கருவாடு மாதிரி நினைத்து எல்லா ஓடுகளையும் வாரிவிட்டேன். இரண்டு உடைந்தது. முதலில் பொய் சொன்னேன். அனு, 6-ஆம் வகுப்பு.'

"பொய்யை எழுத வேண்டாமே," என்றார் பிரபு அண்ணா.

"அதுவும் நடந்துச்சு இல்லண்ணா?"

அதே பக்கத்தில் நோரா ஆன்ட்டியும் ஒரு வரி எழுதினார். என்ன என்று ஷெல்டன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்: "'விசாரிக்காமல் பிரபுவைத் திட்டினேன். நோரா.'"

"சனிக்கிழமை காலையில ஐந்து மணிக்கு வேன் கிளம்பும் பிரபு," என்றார் நோரா ஆன்ட்டி. "லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."

"நாலு மணிக்கே வாசல்ல நிப்பேன் மேடம்!" என்றார் பிரபு அண்ணா. இந்தத் தடவை நிஜமாகவே தும்மினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், படியில் தொம் தொம் என்று காலடிச் சத்தம் கேட்டது. கெங்கம்மா! கையில் ஒரு பை நிறைய வஞ்சிரத் துண்டுகள், முகம் நிறையப் பெருமை.

"இன்னா டீச்சரம்மா, எம் பொண்ணு செஞ்ச வேலைய பாத்தியாமா? அது மட்டும் இல்லாங்காட்டி உன் பானை அத்தினியும் கரஞ்சி போயிருக்கும்ல?"

நோரா ஆன்ட்டி வாயைத் திறந்தார். ஏதோ நல்லதாகச் சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று அனுவுக்குப் புரிந்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, நான் காப்பாத்தல. கெடுத்துட்டேன்." முழுக் கதையையும் சொன்னாள்.

கெங்கம்மா பையைக் கீழே வைத்தார். "அடிப்பாவி! ஏழு கடைலயும் சொல்லிக்கினு வந்து கீறேன்டி! மெடலு வேற குடுக்கறாங்கன்னு அந்த கடைசி கடை முனியன் மேளம் அடிக்காத கொறையா சொல்லிக்கினு கீறான். இப்போ எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் கடைக்குப் போறது?"

"உன் மூஞ்சி வேணாம்மா," என்றாள் அனு. "நானே போய் சொல்லிடறேன்."

அன்று சாயங்காலம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டாவது கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது கடையில், "கருவாடுன்னு நெனச்சியா?" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்கள். தங்கம் கிடையாது என்றதும் நாலாவது கடைக்கு மனசே விட்டுப்போயிற்று. ஒவ்வொரு கடையிலும் அனுவின் காது புதிதாகச் சுட்டது. பழகிவிடும் என்று பார்த்தால், அது பழகவே இல்லை.

ஏழாவது கடையில் முனியன் சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே எல்லாவற்றையும் கேட்டார்.

"மெடல் கெடக்கட்டும்," என்றார். "அந்த ஜனங்க திரும்பி வந்தாங்களா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

"வந்தாங்க மாமா. மூணு தடவை வந்தாங்க. ஓட்டை வழியா கிண்ணம் வெச்சிட்டுப் போயிருக்காங்க."

முனியனின் கத்தி நின்றது.

"அது எப்பிடி தெரியும்?"

"அதைச் சொல்லணும்னா, நான் வாரினது, பொய் சொன்னது எல்லாத்தையும் மறுபடி மொதல்லேருந்து சொல்லணும்."

முனியன் ஈரத்துணியால் ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"ஒக்காந்து சொல்லு."

தீபாவளிச் சுடிதாரைப் பற்றிக் கவலைப்படாமல் அனு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.